மறுமுனையில் யார்? ‘நார்த் ஸீ’ ஆவணப்படமும் மீனவர் பாதுகாப்பும்

1938இல் பிரிட்டனின் அஞ்சல் துறை, புயலில் சிக்கிய ஒரு மீன்பிடிக் கப்பலைப் பற்றிப் படம் எடுத்தது. பெயர் ‘நார்த் ஸீ’, அதாவது வட கடல். கறுப்பு வெள்ளைப் படம். ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும். தொழில்முறை நடிகர்களை நம்பி எடுத்த படமன்று. அபர்தீன் மீனவர்களும் விக் வானொலி நிலைய ஊழியர்களும் தங்கள் வேலையைத் தாங்களே திரையில் செய்து காட்டினார்கள். ஸ்காட்லாந்தின் அபர்தீன் துறைமுகத்திலிருந்து புறப்படும் ‘ஜான் கில்மன்’ என்ற டிராலர் நடுக்கடலில் அடிவாங்கி, உள்ளே தண்ணீர் ஏறி, ஒருபுறம் சாய்கிறது. கரையோடு இருந்த பேச்சுத் தொடர்பும் அறுந்துபோகிறது. பிறகு ஆட்களின் உழைப்பால் மீண்டு கரைக்கு வருகிறது. கதை இவ்வளவுதான். கடல் பாதுகாப்பு பற்றிய பழைய படங்களில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தபால்தலை விற்கும் துறைக்குப் புயலோடு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பிரிட்டனில் தந்தி அஞ்சல் துறையின் கையில் இருந்தது. தொலைபேசியும் அங்கேதான் வந்து சேர்ந்தது. மார்க்கோனி நிறுவனமும் லாயிட்ஸும் நடத்திவந்த கரையோர வானொலி நிலையங்களை அஞ்சல் துறை 1909இல் வாங்கிக்கொண்டது. அதன்பின் கடலிலிருக்கும் கப்பல் கரையோடு பேச வேண்டுமானால் அஞ்சல் துறை ஊழியர் ஒருவரின் காது வழியாகத்தான் பேச வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகிழக்கு நுனியில், கெய்த்னஸ் கரையில் இருந்த விக் நிலையம் அப்படிப்பட்டது. வட கடலுக்கும் அதற்கு அப்பாலும் போகும் மீன்பிடிக் கப்பல்களுக்கு அதுதான் கரையின் குரல். அந்தச் சேவையை மக்களுக்கு எடுத்துச் சொல்லவே படம் திட்டமிடப்பட்டது. விளம்பரத்துக்காகத் தொடங்கிய வேலை விளம்பரத்தைத் தாண்டிப் போனதற்குக் காரணம், அதை எடுத்தவர்கள்.

அஞ்சல் துறையின் படப்பிரிவு 1933இல் தொடங்கியது. எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்ற அரசு அமைப்பு கலைக்கப்பட்டபோது அதன் படப்பிரிவை அப்படியே அஞ்சல் துறை எடுத்துக்கொண்டது. தலைமை ஏற்றவர் ஜான் கிரியர்சன். ஆவணப்பட இயக்கத்தின் தந்தை என்று எல்லாரும் எழுதுவார்கள். முதல் உலகப்போரில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. கண்ணிவெடி அகற்றும் கடற்படைக் கப்பல்களில் அவர் தந்தியாளர். காதில் கேள்கருவியை மாட்டிக்கொண்டு கடலின் நடுவே உட்கார்ந்திருந்தவர் அவர். 1929இல் அவர் எடுத்த ‘டிரிஃப்டர்ஸ்’ ஹெர்ரிங் மீன்பிடிப்பைப் பற்றியது. பிரிட்டிஷ் ஆவணப்படம் கடலில் பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

‘நார்த் ஸீ’யை இயக்கியவர் ஹாரி வாட். எடின்பரோவில் பிறந்தவர். தபால் ரயிலைப் பற்றிய ‘நைட் மெயில்’ படத்தைப் பேசில் ரைட்டோடு சேர்ந்து 1936இல் எடுத்தவர். அதற்கு முன் ராபர்ட் பிளாகர்ட்டியின் ‘மேன் ஆஃப் ஆரன்’ படத்தில் உதவியாளராக இருந்தார். அயர்லாந்தின் மேற்குக் கரைத் தீவில் எடுத்த படம் அது. நீச்சல் தெரியாத தீவு மக்களைக் கொந்தளிக்கும் கடலில் தோணி ஓட்டச் சொல்லிப் படம்பிடித்தார் பிளாகர்ட்டி. அந்த மனிதர்களிடம் தான் கேட்டது தகாத காரியம், அதற்காகத் தன்னைச் சுட்டிருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே வருந்தியிருக்கிறார். அந்தப் படத்தில் கடல் பிரம்மாண்டம். மனிதன் அதன் முன் நிற்கும் வீரன். அந்தத் தீவு மீனவனுக்குக் கரையில் யார் இருக்கிறார், அவன் திரும்பாவிட்டால் யார் தேடுவார் என்ற கேள்வி அதில் எழவே எழாது. வாட் தன் கடல் படத்தில் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். பிளாகர்ட்டியிடம் அவர் கற்றதில் எதை ஏற்றார், எதை விட்டார் என்பதற்கு ‘நார்த் ஸீ’யே சான்று.

1937இல் கிரியர்சன் விலகியபின் பிரிவின் பொறுப்பு பிரேசிலில் பிறந்த ஆல்பெர்தோ கவல்கான்திக்கு வந்தது. ஒலியை எப்படிக் கையாள வேண்டும் என்று அந்த இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். தகவலைக் கதையாகச் சொல்லலாம், சாதாரண மனிதர்களைப் பேச வைக்கலாம் என்று வாட்டுக்குத் துணிவு கொடுத்தவரும் அவரே. ‘நார்த் ஸீ’ அவருடைய தயாரிப்பு. ஒளிப்பதிவில் சிக் ஃபவ்லும் ஜோனா ஜோன்ஸும். இசை, நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்திருந்த எர்ன்ஸ்ட் மேயர். சம்பவம் உண்மையில் நடந்தது. அதை நடந்தபடி மறுபடி நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மறுபடி நடத்திக் காட்டுவதை ஆவணப்படம் என்று சொல்லலாமா என்ற விவாதம் அன்றே இருந்தது, இன்றும் முடியவில்லை. என் கருத்தில், கடல் விபத்தைப் பொறுத்தவரை அந்த விவாதத்துக்கு அதிகப் பொருளில்லை. கப்பல் கவிழும் கணத்தில் கேமரா இருக்காது. இருந்தால் அதைப் பிடித்திருப்பவர் உதவிக்கு ஓட வேண்டும். நடந்ததை அறிந்தவர்கள், அதே வேலையைச் செய்பவர்கள், தங்கள் கையாலேயே செய்து காட்டுவதைவிட நம்பகமான சாட்சி வேறு எங்கே கிடைக்கும்? மீனைக் கீறிக் குடலை எடுக்கும் கையின் வேகத்தை நடிகருக்குக் கற்றுக்கொடுத்து வரவழைக்க முடியாது.

படம் விடியலில் தொடங்குகிறது. ஆட்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள். வழியனுப்பும் பேச்சு குறைவு. துறைமுகம், கரி ஏற்றிய கப்பல், கடல். வலை இறங்குகிறது, மடி நிறைந்து மேலே வருகிறது, தளத்தில் மீன் கொட்டுகிறது. காற்று மாறுகிறது. அதுவரை வேலையாக இருந்த கடல் அதற்குப் பிறகு ஆபத்தாகிறது. ஒரு பெரிய அலை கப்பலை அடிக்கிறது. தண்ணீர் உள்ளே புகுகிறது. இறைக்க வேண்டிய பம்பு அடைத்துக்கொள்கிறது. கப்பல் சாய்ந்தபடியே நிற்கிறது. வானொலியின் கம்பி அறுந்து தொடர்பு போகிறது.

இந்தச் சாய்வின் பயங்கரம் கடலறியாத பார்வையாளருக்கு உடனே பிடிபடாது. கப்பல் ஆடுவது ஆபத்தில்லை. ஆடி நிமிரும்வரை அது கப்பல்தான். உள்ளே தேங்கிய தண்ணீர்தான் எமன். கப்பல் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் அவ்வளவு தண்ணீரும் ஓடிச் சேரும். சேர்ந்த எடை சாய்வைக் கூட்டும். பாதி நிரம்பிய தவலையை இடுப்பில் வைத்து வரப்பில் நடந்தவருக்கு இது தெரியும்: நிறைகுடத்தைவிடப் பாதிக்குடம்தான் நடையைக் குலைக்கும். கப்பலில் இதோடு கரியும் மீனும் பனிக்கட்டியும் சேர்ந்து சரியும். அடுத்த அலை வருவதற்குள் நிமிராவிட்டால் அந்த அலை தளத்தின்மேல் ஏறும். ஆகவே படத்தில் ஆட்கள் செய்வது மிகச் சாதாரணமான, முதுகொடிக்கும் வேலை. இறைக்கிறார்கள்; அள்ளுகிறார்கள்; எடையை இடம் மாற்றுகிறார்கள்; அடைத்ததைத் திறக்கப் பார்க்கிறார்கள். வீரவசனம் ஒன்றும் பேசுவதில்லை. ஒருவர் களைத்தால் அடுத்தவர் அவர் இடத்தில் நிற்கிறார்.

அதே நேரத்தில் படம் விக் நிலையத்துக்குப் போகிறது. இங்கேதான் வாட்டின் மேதைமை. புயலின் இரைச்சலிலிருந்து அமைதியான ஓர் அறைக்கு வெட்டுகிறார். மேசை முன்னே ஓர் அரசு ஊழியர். அவர் கப்பலின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். காத்திருக்கிறார். பதில் இல்லை. மறுபடி அழைக்கிறார். குரலில் பதற்றம் இல்லை. பதற்றப்படாமல் இருப்பது அவர் வேலையின் பகுதி என்பதால், அந்த நிதானமே பார்ப்பவரின் நெஞ்சைப் பிசைகிறது. அருகிலுள்ள மற்றக் கப்பல்களுக்கும் செய்தி போகிறது. இருட்டில், அலையில் தனியாகக் கிடக்கும் கப்பலுக்குத் தான் தேடப்படுவது தெரியாது. பார்க்கும் நமக்குத் தெரிகிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள அந்த வெற்றிடத்தில்தான் படம் நடக்கிறது.

அந்தக் காலத்துக் கடல் வானொலியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தக் காட்சியின் அருமை விளங்கும். பெரிய பயணிக் கப்பல்களில் மோர்ஸ் தந்தி இருந்தது. அதற்குப் பயிற்சி பெற்ற தந்தியாளர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும், படுக்க இடம் வேண்டும். சிறிய டிராலருக்கு இது கட்டுப்படியாகாது. குரலில் பேசும் வானொலித் தொலைபேசி வந்தபிறகு ஸ்கிப்பரே, அதாவது கப்பல் தலைவரே, ஒலிவாங்கியை எடுத்துப் பேச முடிந்தது. ‘நார்த் ஸீ’ காட்டுவது இந்த மாற்றத்தை. மோர்ஸ் தெரியாத சாதாரண மீனவனின் குரல் முதல் தடவையாகக் கரைக்குக் கேட்கத் தொடங்கிய காலம் அது. பின்னர் பிரிட்டிஷ் வீடுகளில் இருந்த வானொலிப் பெட்டிகள் சிலவற்றில் ‘டிராலர் பேண்ட்’ என்றே ஓர் அலைவரிசைப் பகுதி இருந்தது. கடலுக்குப் போனவர்களின் குரலை மனைவிமார் வீட்டிலிருந்தபடியே கேட்டார்கள். நல்லதும் அந்த வழியே வந்தது, கெட்டதும் அந்த வழியேதான் வந்தது.

கேட்பதற்கென்று கடல் உலகம் ஓர் ஒழுங்கையும் ஏற்படுத்தி வைத்திருந்தது. மோர்ஸ் காலத்துக் கப்பல்களின் வானொலி அறையில் தொங்கிய கடிகாரத்தை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். முகப்பில் ஆப்பு வடிவில் நான்கு பகுதிகள் வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரை, 45இலிருந்து 48 வரை சிவப்பு: 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மணி தொடங்கியதும் மூன்று நிமிடமும், 30ஆம் நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமும் பச்சை: குரல் வழி அழைப்புக்கான 2182 கிலோஹெர்ட்ஸில் அதே மௌனம். வலுவிழந்த மின்கலத்தோடு, அறுந்த கம்பியோடு யாராவது மெல்லிய குரலில் கூப்பிட்டால் அது மற்றவர்களின் அரட்டையில் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக. இந்த முழு ஒழுங்கும் ‘நார்த் ஸீ’ எடுத்தபோதே முழுமையாக வந்துவிடவில்லை. 2182 அலைவரிசை இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஏற்பட்டது. ஆனால் அதன் அடிப்படை எண்ணம் படத்தில் ஒவ்வொரு காட்சியிலும் இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவனின் ஆபத்துக்காக எல்லாரும் மணிக்கு நான்கு முறை மௌனம் காக்க வேண்டும் என்று விதி எழுதிய மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இந்த விதிகளுக்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் உண்டு. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அருகிலிருந்த ‘கலிஃபோர்னியன்’ கப்பலில் வானொலிக் கருவி நன்றாகவே இருந்தது. இருந்த ஒரே தந்தியாளர் நாள் முழுதும் வேலை பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார். கருவி இருந்தது, கேட்க ஆளில்லை. 1914 ஜனவரியில் லண்டனில் கையெழுத்தான முதல் சோலாஸ் உடன்படிக்கை, அதாவது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம், இடைவிடாத வானொலிக் காவலைப் பற்றிப் பேசியது. போர் வந்து அது நடைமுறைக்கு வராமல் போனது. 1928 நவம்பரில் ‘வெஸ்ட்ரிஸ்’ கப்பல் அமெரிக்கக் கரைக்கு அப்பால் சாய்ந்து மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாய்வு முற்றும்வரை உதவி கேட்காமல் தாமதித்தார் அதன் தலைவர். அடுத்த ஆண்டே இரண்டாவது சோலாஸ். பின்னர் 1948, 1960, 1974 என்று திருத்தங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சோலாஸின் விதிகள் பெரும்பாலும் மீன்பிடிக் கப்பல்களுக்குப் பொருந்தாது; விலக்கு அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பயணிகளும் சரக்கும் போகும் கப்பல்களுக்குத்தான் அந்தக் காப்பு. மீன்பிடிக் கப்பல்களுக்கென்று தனியாக 1977இல் ஸ்பெயினின் டோரெமோலினோஸ் நகரில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள்; போதிய நாடுகள் ஏற்காததால் அது நடைமுறைக்கு வரவே இல்லை. அதைத் தொடர்ந்து 1993இல் ஒரு துணை ஒப்பந்தம், 2012இல் கேப் டவுனில் இன்னொன்று. உலகின் மிக ஆபத்தான தொழில்களில் ஒன்று என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் தொழிலுக்கே சட்டம் கடைசியாக வருகிறது. 1938இல் ஓர் அரசுத் துறை டிராலர் மீனவனைக் கதாநாயகனாக்கிப் படம் எடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்தப் பின்னணியில்தான் உணர முடியும்.

வாட்டின் வழியில் வேறு படங்களும் வந்தன. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் ஜெர்மன் விமானங்கள் ‘ஈஸ்ட் டட்ஜன்’ என்ற விளக்குக் கப்பலைத் தாக்கின. மணல்திட்டின் பக்கத்தில் நங்கூரமிட்டு எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் வழிகாட்டும் கப்பல் அது. யாரும் தொடக் கூடாதது என்று கடலோடிகள் நம்பியிருந்தார்கள். 1940 ஜனவரி 29 அன்று நடந்த அந்தத் தாக்குதலில் எட்டுப் பேரில் ஒருவரே பிழைத்தார். டேவிட் மக்டொனால்ட் இயக்கிய ‘மென் ஆஃப் தி லைட்ஷிப்’ அதே ஆண்டில் வந்தது. 1944இல் வந்த பாட் ஜாக்சனின் ‘வெஸ்டர்ன் அப்ரோச்சஸ்’ வண்ணப்படம். குண்டடிபட்டு மூழ்கிய வணிகக் கப்பலின் ஆட்கள் உயிர்காப்புப் படகில் மிதக்கிறார்கள். படகிலுள்ள சிறு வானொலியால் உதவி கேட்கிறார்கள். அந்தக் குரலையே தூண்டில் இரையாக்கிக் காத்திருக்கிறது எதிரியின் நீர்மூழ்கி. அதிலும் உண்மையான கடலோடிகளே நடித்தார்கள். ஜாக் கார்டிஃப் அந்தப் பெரிய டெக்னிகலர் கேமராவைக் கடலுக்கே கொண்டுபோனார். அழகில் அது ‘நார்த் ஸீ’யை விஞ்சும். போரின் அவசரம் அதை வேறு திசைக்கு இழுத்துவிடுவதால், பாதுகாப்பு என்ற பொருளை நேருக்கு நேர் பார்ப்பதில் ‘நார்த் ஸீ’யே ஒரு படி மேல் என்பேன்.

இவ்வளவு புகழ்ந்தபின் அதன் குறையையும் சொல்ல வேண்டும். ‘நார்த் ஸீ’யில் எதிரி என்றால் அது கடல் மட்டும்தான். பம்பு ஏன் அடைத்தது, கப்பலை யார் பராமரிக்க வேண்டும், அந்தக் காலநிலையில் அத்தனை தூரம் போக அவர்களை எது துரத்தியது என்று படம் கேட்பதில்லை. டிராலர் ஆட்களின் வருமானம் பிடிபடும் மீனைப் பொறுத்தது. சீக்கிரம் திரும்பினால் நட்டம் அவர்களுக்கும்தான். இதெல்லாம் திரைக்கு வெளியே நிற்கிறது. பெண்களும் அப்படியே. அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், கவலைப்படுகிறார்கள், காத்திருக்கிறார்கள். மீனவன் கடலில், ஊழியர் நிலையத்தில், மனைவி அடுப்படியில் என்று அவரவர் இடத்தில் அவரவர் கடமையைச் செய்தால் எல்லாம் நலமாக முடியும் என்பது படத்தின் நம்பிக்கை. அரசுப் பணத்தில் எடுத்த படம் அதற்கு மேல் போவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை முப்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் ஹல் நகரம் காட்டியது.

1968 ஜனவரி 10 அன்று ஹல் துறைமுகத்திலிருந்து ‘செயின்ட் ரோமானஸ்’ என்ற டிராலர் வடக்கே புறப்பட்டது. அதில் வானொலி ஆபரேட்டர் இல்லை. ஆள் இல்லாமலே கப்பல் போக அன்றைய நடைமுறை இடம் கொடுத்தது. புறப்பட்ட சிறிது காலத்திலேயே அதன் குரல் நின்றது. கப்பல் பேசவில்லை என்று கரையில் உரிய முறையில் எச்சரிக்கை எழுப்பப்பட்டது ஜனவரி 26இல். ஏறத்தாழ பதினாறு நாள். ‘ஜான் கில்மன்’ பதிலளிக்காத சில மணி நேரத்தில் விக் நிலையம் கடலையே எழுப்பிவிடும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதினாறு நாளின் கொடுமை புரியும். பேசாத கப்பலுக்கு வானொலி ஆள் இல்லாததால் பேசவில்லை என்று கரையில் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. தொடர்ந்து ‘கிங்ஸ்டன் பெரிடாட்’ காணாமல் போனது. பிப்ரவரி 4 அன்று ஐஸ்லாந்தின் ஒரு கடல்நுழைவில் புயலுக்கு ஒதுங்க முயன்ற ‘ராஸ் கிளீவ்லாண்ட்’ கவிழ்ந்தது. மேல்தளத்திலும் கம்பிகளிலும் தெறிக்கும் நீர் உறைந்து பனியாக ஏறி, மேல்பாரம் கூடிக் கப்பலைப் புரட்டிவிடும் கொடிய குளிர் அது. அதன் ஸ்கிப்பர் கடைசியாக வானொலியில் சொன்னது வீட்டாருக்கு அன்பைத் தெரிவிக்கும்படி. மூன்று கப்பல்களிலும் மாண்டவர்கள் 58 பேர். பிழைத்தவர் ஒருவர், ஹாரி எட்டம்.

அதற்குள் ஹல் நகரின் ஹெஸில் சாலைப் பெண்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். முன்னே நின்றவர் லில்லியன் பிலோக்கா, மீன் பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளி. கூடவே கிறிஸ்டின் ஜென்சன், மேரி டென்னஸ், இவோன் பிளெங்கின்சாப். ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். துறைமுகத்துக்குப் போய், புறப்படும் கப்பல்களைப் பார்த்து வானொலி ஆபரேட்டர் இருக்கிறாரா என்று கேட்டார்கள். பதில் திருப்தியாக இல்லாத ஒரு கப்பலில் பிலோக்கா ஏறப் பாய்ந்தார். போலீசார் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு லண்டன் போய் அமைச்சர்களைச் சந்தித்தார்கள். எல்லா டிராலர்களிலும் முழுநேர வானொலி ஆபரேட்டர், குறித்த இடைவெளியில் கப்பல் பேச வேண்டும் என்ற கட்டுப்பாடு, மருத்துவ வசதியோடு உடன் போகும் தாய்க்கப்பல் என்று 88 பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு வழி பிறந்தது. அரசு அமைத்த விசாரணைக் குழு 1969இல் அறிக்கை தந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த பிலோக்காவுக்குக் கிடைத்தது வசைக் கடிதங்கள், வேலையும் போனது, அந்தத் தொழிலில் மறுபடி வேலை கிடைக்காமலே 1988இல் இறந்தார். ‘நார்த் ஸீ’ எடுத்தவர்கள் காத்திருக்கும் பெண்களைப் பரிவோடு காட்டினார்கள். அந்தப் பெண்களுக்கு எந்தப் பம்பு அடைக்கும், எந்தக் கப்பலில் ஆள் குறைவு என்பதெல்லாம் தெரியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் வழியிலான உலகப் பேரிடர் அழைப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் காவல் முடிந்தது. மூழ்கும் கப்பலிலிருந்து தானே மிதந்து மேலே வந்து இடத்தைச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. 2000இல் விக் வானொலி நிலையமும் மூடப்பட்டது.

தொழில்நுட்பம் இவ்வளவு முன்னேறி இன்னும் பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான் ஒக்கி புயல் வந்தது. 2017 நவம்பர் 30 அன்று அது குமரி முனையை ஒட்டிக் கடந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் தங்குகடல் மீனவர்கள் கரையை விட்டு வெகு தொலைவில் இருந்தார்கள். கரையை விட்டுப் போய் நாள் கணக்கில் ஆகியிருந்தது. எச்சரிக்கை வெளியானபோது அதை அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. படகுகளில் இருந்த வயர்லெஸ் கருவிகளின் எட்டுதூரம் சில பத்துக் கடல்மைல். அதற்கப்பால் ஒரு படகு இன்னொரு படகுக்குச் சொன்னால்தான் உண்டு. குமரி மாவட்டத்தில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தேடல் போதாது, எங்கள் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தேடுங்கள், எங்கே இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்று கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்களும் பாதிரியார்களும் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஹல் நகரத்தை அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. கடலுக்கு ஆளை அனுப்பும் ஊர்களுக்கு எங்கும் ஒரே கேள்விதான்.

ஒக்கிக்குப் பிறகு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான செயற்கைக்கோள் கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. இது பெரிய நன்மை. தயங்காமல் வரவேற்க வேண்டும். ஆனால் ‘கலிஃபோர்னியன்’ கப்பலிலும் நல்ல கருவி இருந்தது. பேச வேண்டிய படகு குறித்த நேரத்தில் பேசாவிட்டால் எத்தனை மணி நேரத்தில் யார் கவலைப்பட வேண்டும், யாரை எழுப்ப வேண்டும், தேடல் எப்போது தொடங்க வேண்டும் என்பதை எந்தக் கருவியும் தீர்மானிக்காது. அதை மனிதர்கள் எழுதிவைக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் அமர்த்திச் சம்பளம் கொடுக்க வேண்டும். மீனவர் மொழி தெரிந்த, அவர்கள் மீன்பிடிக்கும் கடற்பகுதிகள் தெரிந்த ஆளாக அவர் இருக்க வேண்டும். புயல் இல்லாத முந்நூறு இரவுகளிலும் அவர் விழித்திருக்க வேண்டும்.

‘நார்த் ஸீ’ அரை மணி நேரப் படம். நம் மீன்பிடித் துறைமுகங்களில் தமிழ் விளக்கவுரையோடு அதைத் திரையிடலாம். மீனவர் சங்கங்களும் மீன்வளத் துறையும் சேர்ந்து இதைச் செய்யட்டும். படகோட்டிகளோடு அவர்கள் வீட்டுப் பெண்களையும் முன்வரிசையில் உட்கார வைக்கட்டும். படம் முடிந்ததும் அதிகாரிகளிடம் அந்தப் பெண்கள் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும்: எங்கள் படகு இன்றிரவு கூப்பிட்டால் எடுக்கப்போகிறவர் யார், அவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்?